மூன்று வேர் மிஞ்சிய செடி

கோமளவல்லிக்கு வாசனை போனது 2021 மே மாதத்தில். அந்த மாதம் திருத்தணியில் வீட்டுக்கு ஒருவராவது படுத்திருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் ஐந்து நாள், இருமல் பத்து நாள். எழுந்து உட்கார்ந்த அன்று கணவர் தணிகைமணி ரசம் வைத்துக் கொடுத்தார். வாயில் வைத்தாள். புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, மிளகு நாக்கைச் சுட்டது. ஆனால் ரசம் தெரியவில்லை. டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். ஆவி மட்டும் முகத்தில் பட்டது.

எல்லாருக்கும் இப்படித்தான், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். தெருவில் மற்றவர்களுக்குச் சரியானது. அவளுக்கு ஆகவில்லை.

வேறு வேலை செய்கிறவளாக இருந்திருந்தால் இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவள் கல்யாணச் சமையல் செய்கிறவள். பள்ளிப்பட்டில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, அத்தை மகன் தணிகைமணியைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தவள். அவர் ரயில் நிலையத்துக்கும் மலைக்கும் ஆட்டோ ஓட்டினார். இவள் ஒரு சமையல்காரரிடம் காய் நறுக்கப் போனாள். பிறகு கரண்டி பிடித்தாள். பன்னிரண்டு வருடத்தில் எட்டு ஆளை வைத்துக்கொண்டு தானே கல்யாணங்களை எடுத்துச் செய்யத் தொடங்கினாள். மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் விருந்து வைக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பொம்பளையை நம்பி ஆயிரம் பேர் சமையலை விடுவதா என்று தயங்கியவர்கள் உண்டு. அவளுடைய வத்தக்குழம்பைச் சாப்பிட்ட பிறகு அவர்கள் தயங்கவில்லை.

அந்த ஆவணியில் கல்யாணங்கள் மறுபடி தொடங்கின. முதல் மண்டபத்தில் அண்டாக்களை இறக்கும்போதே அம்சா கேட்டாள். அம்சா அவளுக்கு அடுத்தபடியாகச் சமைக்கிறவள், ஆறு வருடமாகக் கூடவே இருப்பவள்.

"அக்கா, வாசன வந்துடுச்சா?"

"ஆங். வந்துடுச்சு."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் முந்திக்கொண்டது. அன்று வீட்டுக்குப் போனதும் தணிகைமணியிடமும் அதையே சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டு மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

கண்ணையும் காதையும் கையையும் வைத்துக்கொண்டு சமைத்தாள். துவரம்பருப்பு சிவப்பது கண்ணுக்குத் தெரியும். கடுகு வெடித்து ஓய்வது காதுக்குத் தெரியும். ரசம் நுரை கட்டி விளிம்பை எட்டும் நேரம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாததை அம்சாவிடம் தள்ளினாள். "அம்சா, இந்தத் தேங்காய மோந்து பாரு. நீயும் கத்துக்கணும்ல." "அம்சா, நெய் காஞ்சிருக்குதா சொல்லு பாக்கலாம்." அம்சா மோந்து பார்த்துச் சொல்வாள். கோமளவல்லி தலையை ஆட்டுவாள், ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்ப்பதுபோல.

சமையல் இப்படி ஓடியது. மற்ற நேரம்தான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் கேஸ் குமிழை ஒரு நாளில் பத்து முறை திருகிப் பார்த்தாள். கிருத்திகைக்கு மலையேறிப் போய் நின்றால் சந்தனமும் விபூதியும் கற்பூரமும் ஒன்றுபோலவே இருந்தன. மல்லிகை வாங்குவதை நிறுத்தினாள். ஒரு நாள் தணிகைமணியின் சட்டையைத் துவைக்க எடுத்தவள், முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். முப்பது வருடமாகப் பெட்ரோலும் வியர்வையும் பீடியும் கலந்த வாடை என்று திட்டிக்கொண்டிருந்த சட்டை. அதில் வெறும் துணிதான் இருந்தது.

2023 தை மாதம் ஒரு பெரிய ரிசப்ஷன். மேடை முழுக்க ஆர்க்கிட். வெள்ளையில் அகல இதழ் வைத்த பூக்கள் ஒரு வரிசை, ஊதா நிறத்தில் சிறிய பூக்கள் ஒரு வரிசை. மறுநாள் காலை முகூர்த்தச் சாப்பாடு முடிந்து அண்டா கழுவுகிற இடத்துக்கு அவள் போனபோது, வாழைமரத்தோடும் தெர்மாகோலோடும் அந்தச் செடிகள் குப்பையில் கிடந்தன. பூ வாடவே இல்லை. மேடை அலங்காரம் செய்த நாகேந்திரன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். நகரிக்காரன். நாற்பது வயதிருக்கும், பல மண்டபங்களில் பார்த்துப் பழக்கம்.

"தம்பி, இத ஏன் தூக்கிப் போட்ட? உசிரோட இருக்குதே."

"வேணும்னா எடுத்துக்கோங்க அக்கா. பூ கொட்டிச்சுன்னா அப்புறம் வெறும் எலதான். இத வெச்சுகினு நான் இன்னா பண்றது?"

ஒரு வெள்ளையும் ஒரு ஊதாவும் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால், பாவமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பாள்.

செடிகள் மெல்லிய பிளாஸ்டிக் கப்பில், பஞ்சு மாதிரி ஏதோ பாசியில் இருந்தன. இது ஒரு செடிக்குப் போதுமா என்று நினைத்தாள். ஊதாவைக் கப்போடு சுவர் ஆணியில் மாட்டினாள். வெள்ளைமேல்தான் அவளுக்கு ஆசை அதிகம். வீட்டிலிருந்த பெரிய பீங்கான் தொட்டியில் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து, ரோஜாவுக்குச் செய்வதுபோல நட்டு, காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை.

மூன்று வாரம் பூ நின்றது. பிறகு கொட்டியது. தடித்துப் பளபளவென்று இருந்த இலைகள் சுருங்கிச் சுருக்கம் விழுந்தன. தாகம் என்று எண்ணி இன்னொரு சொம்பு சேர்த்து ஊற்றினாள். இலை இன்னும் சுருங்கியது. பின்கட்டுப் படியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள், கீரை ஆய்ந்தாள், இலையைத் துடைத்துவிட்டாள்.

மாசியில் ஒரு காலை தணிகைமணி பின்பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கோமளா, இங்க இன்னாமோ அழுகிப் போயிருக்கு. நாலு நாளா வாடை தாங்கல. எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"ஆமா பாவா. நானும் தேடிகினுதான் இருக்கேன்."

அவர் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். விறகை நகர்த்திப் பார்த்தார். பிறகு அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியிடம் குனிந்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

"இதாண்டி. இதுலருந்துதான். நீ இதும்மேலயே சாஞ்சுகினு ஒக்காந்திருக்கியே, இந்த நாத்தம் உனக்குத் தெரியலயா?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"கோமளா, உனக்கு வாசன வரவே இல்லியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். தணிகைமணி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட கூடச் சொல்லலியே. ரெண்டு வருசம்."

"சொன்னா நெசமாயிடும்னு பயமா இருந்துச்சு பாவா. ஒரு நாள் தானா வந்துடும், யாருக்கும் தெரியாமயே போயிடும்னு நெனச்சுகினு இருந்தேன்."

"நான் மலைக்கு வேண்டிகினு போய் மொட்டையே போட்டுகினேன்டி, உனக்கு வந்துடுச்சுன்னு."

"தெரியும்," என்றாள்.  அவர் எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை.

அவள் தொட்டியைத் தூக்கி எறியத்தான் போனாள். எறியுமுன் நாகேந்திரனுக்கு போன் செய்தாள். பேசுவதற்கு யாராவது வேண்டும் என்றிருந்தது.

"மண்ணுலயா வெச்சீங்க? அய்யய்யோ. அது மரத்துமேல ஒட்டிகினு வாழற செடிங்க்கா. வேருக்குக் காத்து வேணும். ஈர மண்ணுல பொதச்சா மூச்சு முட்டிப் போயிடும்."

"எல சுருங்கிச்சு, அதான் தண்ணி ஊத்தினேன்."

"வேரு அழுகினா அது எப்பிடிக் குடிக்கும்? குடிக்க முடியாமதான் எல சுருங்குது. நீங்க இன்னும் ஊத்தினா இன்னும் அழுகும். வெளிய எடுத்துக் கழுவுங்க. கெட்ட வேர வெட்டிடுங்க. நல்லது நாலு இருந்தா பொழைக்கும்."

"எது கெட்டது, எது நல்லதுன்னு எப்பிடிப் பாக்கறது?"

"மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும்க்கா."

கோமளவல்லி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மோந்து பாக்காம?" என்றாள்.

"தொட்டுப் பாருங்க. நல்ல வேரு கெட்டியா இருக்கும். கெட்டது நசுங்கி, மேல்தோலு கையோட வந்துடும், உள்ள நூலு மாதிரி ஒண்ணு நிக்கும். அவ்ளோதான். எனக்கும் பெங்களூர்ல செடி வாங்கற எடத்துல சொன்னதுதான், நான் செஞ்சு பாத்ததில்ல."

வாளியில் தண்ணீர் எடுத்துச் செடியைப் பிடுங்கி அலசினாள். மண் கரைந்து போனது. கையில் மிஞ்சியது பார்க்க ஒரே பழுப்பாக, எல்லாமே செத்ததுபோல இருந்தது. கண் அங்கே உதவவில்லை. விரலால் ஒவ்வொரு வேராகப் பிடித்தாள். முதல் வேர் ஊறிப்போன சேமியாபோல நசுங்கியது. உரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது உள்ளே காற்றடைத்த குழலாக இருந்தது. நான்காவது அழுக்காக இருந்தாலும் விரலுக்கு எதிர்த்து நின்றது. பிஞ்சு பீன்ஸை அழுத்தினால் நிற்குமே, அப்படி. ஒரு கூடைக் காயில் முற்றல் எது பிஞ்சு எது என்று முப்பது வருடமாகப் பார்க்காமலே பிரித்த விரல்கள். அவற்றுக்குச் சந்தேகம் வரவில்லை.

பதினாறு வேரில் மூன்று கெட்டியாக இருந்தன.

கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்து, நசுங்கியதையெல்லாம் வெட்டினாள். வெட்டிய வாயில் மட்டும் லவங்கப்பட்டைப் பொடியை ஒற்றினாள். பூசணம் பிடிக்காமலிருக்க, போனை வைக்குமுன் நாகேந்திரன் சொன்ன வழி அது. நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தான். ஒரு நாள் முழுக்கச் செடியை நிழலில் காகிதத்தின்மேல் கிடத்தினாள். தணிகைமணி சாயங்காலம் வந்து அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர் எழுந்தபோது பின்கட்டில் அவள் கரியை உடைத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்து விறகடுப்பில் மிஞ்சிய கரி, பாக்களவு துண்டுகளாக. கூடவே செங்கல் துண்டு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டைத் துண்டு. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இதுக்கு இன்னா தொட்டி?"

"சுத்தி ஓட்ட போட்டது வேணும். காத்து போறா மாதிரி."

பழைய மண்தொட்டி ஒன்றை எடுத்துப்போய், தெருமுனைப் பட்டறையில் கொடுத்து, பக்கவாட்டில் எட்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் ஒன்பது மணி சவாரி போய்விட்டது. அவர்களுக்குள் அந்த விஷயம் பேசித் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்.

மூன்று வேரில் செடி நிற்கவில்லை, ஆடியது. ஆடினால் புதிதாக வருகிற வேரின் நுனி உரசி ஒடிந்துபோகும். ஒரு மூங்கில் குச்சியை நட்டு, பள்ளிப்பட்டில் தம்பி வீட்டுத் தறியில் மிஞ்சிய பாவு நூலால் செடியை அதோடு கட்டினாள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில், வடக்குப் பார்த்த சந்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்தாள்.

அதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுதான் அவளுக்கு வராதது. இலை சுருங்கியபடியே கிடந்தது. ஒவ்வொரு காலையும் கை சொம்புக்குப் போயிற்று. ஓட்டை வழியாக வேரைப் பார்ப்பாள். நனைந்த வேர் பச்சையாக இருக்கும், காய்ந்தால் சாம்பல் வெள்ளையாக மாறும். சாம்பலாகும்வரை தண்ணீர் கிடையாது என்று தனக்கே விதி போட்டுக்கொண்டாள். பங்குனிக்கு மேல் பாறைமலைகள் கொதிக்கத் தொடங்கியபோது சந்தில் ஈரச் சாக்கு கட்டினாள், தரையை நனைத்தாள். தொட்டியில் மட்டும் ஊற்றவில்லை.

மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று ஒரு நாள் ஊதாவைக் கப்போடு பிடுங்கி, தண்டை ஒடித்துத் தின்று பார்த்துவிட்டுத் துப்பியது. மிஞ்சியதை எடுத்துக் கரித் தொட்டியில் வைத்தாள். தணிகைமணி சந்துக்குக் கம்பிவலை அடித்தார். குரங்கு தின்ற இடத்துக்குக் கீழிருந்தே ஊதா புதுத் தண்டு விட்டது. அது முரட்டுச் செடி. வெள்ளைதான் வைகாசி வரைக்கும் எந்தப் பதிலும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை, அடியிலைக்குக் கீழே கடுகளவு பச்சை முளை. நான்கு நாளில் அரிசியளவு ஆயிற்று. இலைக்கு எதிராகக் கீழ்நோக்கித் திரும்பியபோது அது வேர் என்று தெரிந்தது. தணிகைமணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்கா இம்மாம் நாளு?" என்றார். ஆனால் மறுநாளும் அவராகவே வந்து பார்த்தார்.

"அம்சாகிட்ட சொல்லிடு," என்று அவர் சொன்னது அந்த நாட்களில்தான். "ஆயிரம் பேர் சாப்புடற எடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"சொல்றேன்."

சொல்லவில்லை. ஆவணியில் ஒரு முகூர்த்தம். நாற்பது லிட்டர் பால் பாயசம் அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவரை யாரோ வாழையிலை இறக்கக் கூப்பிட்டார்கள். கோமளவல்லி துடுப்பை வாங்கிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்துப் பொரியலைப் பார்க்கத் திரும்பினாள், மறுபடி வந்து கிண்டினாள். பாயசம் நல்ல நிறத்தில் இருந்தது. கிண்டும்போது அடியில் ஏதோ சொரசொரத்தது, அரிசி என்று நினைத்தாள்.

பந்தியறையிலிருந்து அம்சா ஓடிவந்தாள்.

"அக்கா, பாயசம் அடிபுடிச்சுகினு இருக்கு! அங்க வரைக்கும் தீஞ்ச வாடை வருது."

அடுப்பைத் தணித்தார்கள். மேல்பாகத்தை அலுங்காமல் வேறு அண்டாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அம்சா ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். பாலில் ஏறிய தீச்சல் எங்கேயும் போகாது.

"நெய்யும் ஏலக்காயும் சேத்து ஊத்திப் பாக்கலாமா?" என்றார் ஒருவர்.

"வேணாம், கொட்டிடுங்க," என்றாள் கோமளவல்லி. பிறகு அம்சாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். "அம்சா, எனக்கு வாசன இல்ல. கொரோனாவுலருந்தே இல்ல. உங்கிட்ட பொய் சொன்னேன்."

அம்சா அவளைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ரெண்டு வருசமா தேங்காய மோந்து பாரு, நெய்ய மோந்து பாருன்ற. எட்டு வருசமா கூட இருக்கிறவளுக்கு இன்னா புதுசா கத்துக் குடுக்கிற? ஒனக்கா சொல்லத் தோணும்போது சொல்லுவன்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லாததுல எனக்குக் கோவந்தான். இன்னிக்கு நான் பந்தியில இருந்தேன். வாசல்ல இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள்.

கோமளவல்லி நேரே பந்தியறைக்குப் போனாள். மணப்பெண்ணின் அப்பாவிடம் போய் நின்று, பாயசம் அடிபிடித்துவிட்டது, தப்பு தன்னுடையது, முக்கால் மணி நேரத்தில் கேசரி வந்துவிடும் என்றாள். அவருக்கு முகம் சிவந்தது. நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கேசரி இரண்டாம் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அவளை அழைக்கவில்லை.

அந்த வாரமே முடிவு செய்தாள். சமையல் இனி அவள் பெயரிலும் அம்சா பெயரிலும் சேர்ந்து நடக்கும். எந்த அண்டாவும் அம்சா முகர்ந்து சொல்லாமல் பந்திக்குப் போகாது. அம்சாவுக்கு முடியாத நாளில் வேலையே கிடையாது. முன்பணம் வாங்குவதற்கு முன்பே வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதை அம்சா ஒப்புக்கொள்ளவில்லை.

"அத ஏன்க்கா சொல்லிகினு? நான்தான் இருக்கேன்ல?"

"மறச்சு வெச்சுப் பாத்துட்டேன் அம்சா. கஷ்டமா இருக்குது."

சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், வரவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து சொந்தக்காரர் ஒருவரே அப்படிப் போனார். அன்று தணிகைமணிகூட, "சொல்லாம இருந்திருக்கலாமோ" என்றார். சிலர் சிரித்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இன்னும் வரலீங்க" என்று உட்கார்ந்து அந்தக் கதையைப் பேசினார்கள். வருடத்துக்கு முப்பது கல்யாணம் செய்த இடத்தில் இருபது ஆயிற்று. இருபது போதுமானதாக இருந்தது.

வேலூரில் ஒரு மருத்துவரையும் போய்ப் பார்த்தார்கள். இத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டாம் என்றார் அவர். கிராம்பு, எலுமிச்சைத் தோல், தைலம், ரோஜா என்று நான்கையும் தினம் இரண்டு வேளை நினைவோடு முகர்ந்து வரச் சொன்னார். திரும்பும் என்றும் சொல்லவில்லை, திரும்பாது என்றும் சொல்லவில்லை. அவள் முகர்ந்து வருகிறாள். கிராம்பில் மட்டும் எப்போதாவது ஏதோ ஒன்று வருகிறது. அது கிராம்பு இல்லை, எரிந்த கயிறு மாதிரி என்கிறாள்.

நாகேந்திரன் இப்போது செடிகளைக் குப்பையில் போடுவதில்லை. பூ முடிந்ததும் அவள் வீட்டுச் சந்தில் இறக்கிவிட்டுப் போகிறான். தேறியதை மறுபடி மேடைக்கு எடுத்துக்கொள்கிறான். பாதி தேறுவதில்லை. பாசிக்குள் ஏற்கெனவே அழுகி வருகிறவை அதிகம். எதைக் காப்பாற்ற முடியாது என்பதும் அவள் விரல்களுக்குப் பழகிவிட்டது. எல்லா வேரும் நசுங்கினால் அதை வைத்துக்கொண்டு வருத்தப்படுவதில்லை, மட்டைத் துண்டுகளை மட்டும் காயப்போடுகிறாள். தேறியவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றுகிறாள். மட்டை மக்கி மாவாகிவிட்டால் காற்று போகாது. தொட்டியை மாற்றும்போது பெரிய தொட்டிக்குப் போகிற ஆசையை அடக்க வேண்டும் என்பதை நாலைந்து செடியைப் பலிகொடுத்துக் கற்றாள். வேர் நெருக்கமாக இருந்தால்தான் சீக்கிரம் காய்கிறது.

வெள்ளைச் செடி 2024 மார்கழிப் பனியில் பூங்காம்பு விட்டது. முதலில் அவள் அதையும் வேர் என்றுதான் நினைத்தாள். அது மேல்நோக்கிப் போனது. மாசியில் ஐந்து பூக்கள் விரிந்தன. அன்று காய் கணக்குச் சொல்ல வந்த அம்சாவைச் சந்துக்கு அழைத்துப் போய் நிறுத்தினாள்.

"மோந்து பாரு."

அம்சா மூக்கை இதழோடு ஒட்டிவைத்து இழுத்தாள். இன்னொரு பூவிலும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. வாசனையே இல்ல இதுக்கு."

"நெசமாவா? என் மனசுக்காகச் சொல்றியா?"

"சத்தியமா. சுத்தமா இல்ல."

கோமளவல்லிக்குச் சிரிப்பு வந்தது. தான் ஏதோ ஒன்றை இழந்துகொண்டு நிற்கவில்லை என்று மூன்றே முக்கால் வருடத்தில் முதல் தடவையாகத் தோன்றியது. அம்சாவுக்கு என்ன தெரிகிறதோ அதே அளவுதான் அவளுக்கும். இரண்டு பேரும் வெறுமனே பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த வருடம் ஆடி முடிந்து, கே.ஜி.கண்டிகையிலிருந்து மணியம்மை என்றொரு பெண் பையில் ஒரு தொட்டியோடு வந்தாள். மகன் வாங்கிக் கொடுத்த ஆர்க்கிட்டாம். டீக்கடை நடத்துகிறவள், நாற்பது வயது இருக்கும். இலைகள் துவண்டு தொங்கின.

"வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தறேங்க. அப்பிடியும் போகுது. யார் கண்ணு பட்டுச்சோ."

கோமளவல்லி செடியை எடுத்து அலசினாள். கெட்ட வேர் ஒன்றையும் நல்ல வேர் ஒன்றையும் மணியம்மையின் விரலில் வைத்தாள்.

"அமுக்கிப் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"ஆங். இது கொழகொழன்னு இருக்குது. உவ்வே, நாத்தமும் அடிக்குது."

"எனக்கு அந்த நாத்தம் தெரியாதுங்க. மூக்கு போயிடுச்சு. கையாலதான் பாக்கறது."

மணியம்மை ஒரு நொடி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வேரை அமுக்கத் தொடங்கினாள். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். ஏழு வேர் மிஞ்சியது. மறுநாள் வரை காயவைத்துவிட்டுத் தொட்டியில் வைக்கும் முறையைச் சொல்லி, ஒரு பை கரித்துண்டும் கொடுத்தாள். அதற்குள் வாசலில் மறுநாள் கல்யாணத்துக்கான காய்மூட்டை வந்து இறங்கியது. அம்சாவின் குரல் கேட்டது. கோமளவல்லி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வெச்சப்புறம் அஞ்சு நாளைக்குத் தண்ணி ஊத்தாதீங்க."

"அஞ்சு நாளா? வாடிப்போய் நிக்குமே. பாக்கவே பாவமா இருக்குமேங்க."

"இருக்கும்," என்றாள் கோமளவல்லி. "ஊத்தாதீங்க."